மாமன் வண்டியின் வெள்ளை விளக்கு

பேராக் மாநிலமே ஒன்றுகூடி என்னைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் கையைத் தூக்கி நன்றி சொல்லிக்கொண்டே நம்பினேன்.

நம் ஊர்ச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போலீஸ் வழி மறித்து நின்றால், அங்கிருந்து திரும்பி வருகிறவர் எதிரே வருகிறவருக்கு விளக்கை மினுக்கிவிட்டுப் போவார். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதம் அதில் கிடையாது. சமான் என்கிற அபராதச் சீட்டுக்குப் பயப்படுவதில் நாம் எல்லாரும் ஒரே சாதி. மினுக்கல் விழுந்ததும் பெல்ட் போடாதவர் போடுவார், போனைக் காதில் வைத்திருப்பவர் மடியில் போடுவார். நானும் முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு மினுக்கிப் புண்ணியம் தேடியிருக்கிறேன். அந்தப் புண்ணியம்தான் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய போர்வீல் வண்டி. பின்னால் திறந்த தொட்டி. தோட்டங்களில் தண்ணீர் பம்ப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. முன்பு ரப்பர் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. அந்த மண்பாதைகளில் விடிவதற்கு முன்னால் போக வேண்டியிருக்கும். வண்டியின் முன்விளக்குக் கண்ணாடி பழுத்து, வெளிச்சம் ஏதோ கடமைக்கு எட்டிப் பார்ப்பதுபோல் விழும். என் மனைவி ஒரு நாள் ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போன பிறகு, "சாமி ரூம்ல எரியற வெளக்கு இதவிட பரவால்ல" என்றாள். அதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிப் பொறுத்திருப்பது?

ஈப்போவில் ஒரு கடையில் எல்இடி மாற்றினேன். பழைய பல்பை உருவிவிட்டு, அதே விளக்குக் கூட்டுக்குள் புதியதைச் செருகினார் கடை முதலாளியான சீனத் தௌக்கே. பிறகு வண்டியை எதிர்ச் சுவருக்கு நேராக நிறுத்தி வெளிச்சம் எவ்வளவு உயரத்தில் விழுகிறது என்று பார்த்தார். எனக்கு அது போதவில்லை. இன்னும் தூக்கச் சொன்னேன். எதிரே வருகிறவன் கெட்ட வார்த்தை பேசுவான் என்று மலாயில் எச்சரித்தார். நான் போகிற பாதையில் எதிரே செம்பனை மரம் மட்டும்தான் நிற்கும், அது பேசாது என்றேன். திருகைத் திருப்பித் தூக்கி வைத்தார்.

அன்றைக்கே பத்து காஜா டவுனில் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோய், பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக் காட்டினேன். கடைக்கார பாய் பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குச் சிநேகிதர். கல்லாவை விட்டு எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ரோடு ப்ளோக்ல மாட்டினா மட்டும் வண்டிய அங்கயே வச்சுட்டு நடந்து வந்துரு."

அனுமதி இல்லாத விளக்காம். சமான் போடுவார்களாம், வண்டியையும் இழுத்துக்கொண்டு போவார்களாம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பைக் கடையிலேயே விட்டுவிட்டேன். பயத்தை மட்டும் பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்த வாரம்தான் சுங்கை சிப்புட்டில் என் அக்காவின் இளைய மகளுக்குப் பரிசம். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்து வந்த பிறகுதான் பெண் சபையில் உட்காருவாள். மூத்தவளின் பரிசத்துக்கு நான் பிந்திப் போனேன். அதற்குக் காரணமாக நான் சொன்ன கதையை நானே நம்பவில்லை. அடுத்த தீபாவளி வரை அக்கா என்னோடு பேசவில்லை. இந்த முறை அவளே போன் செய்தாள்.

"மால உன் கையாலதான் ஏறணும். எட்டரையோட நல்ல நேரம் முடியுது. இந்தத் தடவையும் பிந்தின, எனக்குத் தம்பியே பொறக்கலன்னு நெனச்சுக்கிறேன்லா."

கடைசியில் அந்த 'லா' இருந்ததால் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

போன தடவைக்கும் சேர்த்து இந்தத் தடவை சீர் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். வண்டித் தொட்டியில் அரிசி மூட்டைகள், தேங்காய், அன்னாசி, சோடாப் பெட்டிகள். மண்டப வாசலில் கட்டுவதற்குக் குலை தள்ளிய வாழைமரம் இரண்டு, தொட்டியின் கடைசியில் நிற்க வைத்துக் கட்டினேன். வண்டியின் பின்புறம் தரையில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. எனக்கு அது பெருமையாக இருந்தது. மாமன் சீர் என்றால் வண்டி உட்காரத்தானே வேண்டும்.

மனைவி தாம்பாளத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, மாலையை மடியில் ஏந்தியபடி வந்தாள். ஈப்போவைத் தாண்டிப் பழைய சாலையில் ஏறும்போது இருட்டத் தொடங்கியது. என் புதிய விளக்கைப் போட்டேன். சாலை ஓரத்துப் பெயர்ப் பலகைகள், மரங்களின் உச்சிக் கிளைகள், ஒரு மாடி வீட்டின் மாடி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. சாலைதான் கொஞ்சம் இருட்டாக இருந்ததுபோல் ஞாபகம். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் கார் மினுக்கியது. கை தூக்கினேன். அதன் பின்னால் வந்த வேன் மினுக்கியது. அப்புறம் ஒரு மோட்டார்சைக்கிள். ஒருவர் ஹோனை விடாமல் அடித்து, கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி என்னவோ காட்டிவிட்டுப் போனார். அந்நியரிடம் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்தேன்.

"முன்னால ரோடு ப்ளோக் போல" என்றேன்.

"இத்தன பேரு சொல்றாங்கன்னா பெருசாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி. அவள் உண்மையாகச் சொல்கிறாளா, கிண்டலா என்று எனக்கு இத்தனை வருடத்தில் பிடிபட்டதில்லை.

அதற்குள் என் மனத்தில் படம் ஓட ஆரம்பித்தாயிற்று. வண்டியை இழுத்துப் போகிறார்கள். என் வாழைமரங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இரு பக்கமும் நிற்கின்றன. உள்ளே அதிகாரிகள் அன்னாசி நறுக்குகிறார்கள். நானும் மனைவியும் ஒரு மாலையோடு சாலை ஓரமாக நடக்கிறோம். இடப்பக்கம் ஒரு தோட்டப் பாதை தெரிந்ததும் திருப்பிவிட்டேன்.

ரப்பர் நின்ற காலத்தில் அந்தப் பாதையில் போயிருக்கிறேன். நேராகப் போனால் சுங்கை சிப்புட்டின் முதுகுப் பக்கம் ஏறும். ஆனால் செம்பனை வைத்தபோது பாதைகளையும் மாற்றி வெட்டியிருந்தார்கள். எந்த முனையில் திரும்பினாலும் அதே மரவரிசை, அதே கால்வாய், அதே மட்டைக் குவியல். அக்காவிடமிருந்து போன் வந்தது. மனைவிதான் எடுத்தாள். "வந்துட்டோம், பக்கத்துலதான்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, எங்கே பக்கத்தில் என்று என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

அடுத்த திருப்பத்தில் எதிரே ஒரு பெரிய வண்டி நின்றது. மினுக்கியது. நானும் நின்றேன். அதிலிருந்து ஒருவர் இறங்கினார். உடம்பில் வெள்ளிப் பட்டை மின்னும் சட்டை. என் வெளிச்சத்தில் அது தீப்பிடித்ததுபோல் எரிந்தது. முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்தார். தோட்டத்துக்குள்ளேயும் போலீஸ் வந்துவிட்டதே என்று நினைத்தேன். கண்ணாடியை இறக்கி, அவர் கேட்பதற்கு முன்பே, மன்னிக்க வேண்டும் துவான், வண்டி என்னுடையது இல்லை, மச்சானுடையது என்று மலாயில் கடகடவென்று ஒப்பித்தேன்.

"அண்ணே, நான் துவானும் இல்ல ஒண்ணும் இல்ல. செம்பனக் கொல ஏத்துற லோரி. மொதல்ல அந்த லைட்ட எறக்குங்க, கண்ணு அவிஞ்சு போச்சு."

"இதுதான் எறக்கினது" என்றேன்.

"இதா?"

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். வாழைமரத்தையும் மூட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "பின்னால ஒரு கல்யாணத்தையே ஏத்தி வச்சிருக்கீங்க. பின்னாடி உக்காந்தா மூக்கு தூக்காதாண்ணே? வெளிச்சம் பூரா எதிர வர்றவன் மூஞ்சிலதான்."

மெயின் ரோட்டில் ரோடு ப்ளோக் எங்கே நிற்கிறது என்று கேட்டேன்.

"ரோடு ப்ளோக்கா? நான் சிப்புட்லேர்ந்து மெயின் ரோட்டுலதான் வாரேன். ஒண்ணும் இல்ல."

எதிரே நின்ற செம்பனைதான் பேசாது. மனைவி பேசுவாள்.

"அப்ப அத்தன பேரும் உங்களத்தான் ஏசிட்டுப் போயிருக்காங்க" என்றாள் மனைவி. "நீங்களும் கை தூக்கி வாங்கிக்கிட்டீங்க."

மூட்டைகளை இறக்கி ஏற்ற நேரம் இல்லை. அவள் இறங்கினாள். தாம்பாளத்திலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். ஆயுத பூசைக்கு வண்டி விளக்குக்குப் பொட்டு வைப்போமே, அப்படி ஆரம்பித்து, நிறுத்தாமல், கண்ணாடி முழுக்க அப்பினாள். பழைய பல்பாக இருந்தால் சூட்டில் காய்ந்து உதிர்ந்திருக்கும். எல்இடியின் கண்ணாடி சுடவே இல்லை. சந்தனம் வைத்தபடியே ஈரமாக ஒட்டிக்கொண்டது. லோரிக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முனியாண்டி கோயிலில் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். பாரம் ஏற்றிய லோரி பின்னால் போகாது என்பதால் நான்தான் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. வாழைமரங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தபடி எடுத்தேன்.

மிச்ச வழியெல்லாம் மஞ்சள் வெளிச்சம். சாமி ரூம் விளக்கு எவ்வளவோ தேவலாம். மெயின் ரோட்டில் ஏறிய பிறகு எதிரே வந்தவர்கள் யாரும் மினுக்கவில்லை.

மண்டபத்து வாசலில் அக்கா நின்றிருந்தாள். உள்ளே மேளம் ஓய்ந்து இலை போடுகிற சத்தம். மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணிலும் சந்தனம் அப்பிக்கொண்டு நின்ற வண்டியைத்தான் பார்த்தாள்.

"பொட்டெல்லாம் வச்சாச்சு. மாலையும் அதுக்கே போட்டுரு" என்றாள். பிறகு என் மனைவியை மட்டும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மாலை ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரை போலீஸ் எங்கேயும் வழி மறிக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. எங்கள் சின்னம்மா மகன், கோயில் பக்கத்துக் கடையில் வாங்கிய மாலையைப் போட்டு, பெண்ணைச் சபைக்கு அழைத்து வந்திருந்தான்.