காயடித்த குதிரைக்குத் தனி முளை

அந்தக் குதிரைக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அதைப் பிடிக்காது. பிடிக்காத எங்கள் இருவரையும் ஒரே கொட்டகையில் விட்டுவிட்டுப் போனவர் என் வீட்டுக்காரர்.

பெருங்களத்தூரில் தண்டவாளத்தைத் தாண்டி, காலி மனைகளுக்கு நடுவில் எங்கள் வீடு. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது அவர் தொழில். முதலில் ஒரு வெள்ளைப் பெட்டை மட்டும்தான் இருந்தது. காதருகே பேண்டு முழங்கினாலும் காலடியில் சரவெடி வெடித்தாலும் அசையாது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஜிஎஸ்டி ரோடு ஓரமாக மண்டபங்கள் வரிசையாக வந்தன. ஒரே நாளில் இரண்டு மாப்பிள்ளைகள் குதிரை கேட்டார்கள். அப்போதுதான் இந்தச் செம்பழுப்பு ஆண் குதிரையை வாங்கி வந்தார். காயடித்தது, சாது என்று விற்றவன் சொன்னானாம். இவரும் அதை அப்படியே ஊர் முழுக்கச் சொல்லி வைத்தார்.

ஊர்வலத்துக்குக் கூட்டிப் போவதோடு அவர் வேலை முடிந்துவிடும். அவிழ்ப்பது, தண்ணீர் காட்டுவது, உடம்பு தேய்ப்பது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது எல்லாம் நான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பயப்படுவதற்கு மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கட்டிய முடிச்சைத் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். வீட்டுக்குள் வந்தபின் மறுபடியும் போய்ப் பார்ப்பேன்.

வந்த நாளிலிருந்தே அது காயடிக்காத பொலிக்குதிரை மாதிரிதான் நடந்துகொண்டது. பெட்டையைக் கண்டால் கழுத்தை வில்லாக வளைத்துக் கனைக்கும். அதன் லத்தியை மோந்துவிட்டு மேலுதட்டை மடித்துப் பல்லைக் காட்டும். நான் கயிற்றைப் பிடித்தால் மார்பால் என்னைச் சுவரோடு தள்ளும். பெட்டைக்குத் தண்ணீர் வைக்கக் குனிந்தால், ஏதோ அதன் சொத்தை நான் அபகரிக்க வந்த மாதிரி காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு பாயும்.

அவரிடம் சொன்னேன்.

“காயடிச்ச குதிரடி அது. பசு மாதிரி நிக்கும். நீ நடுங்கிகினே கயித்த புடிச்சா, நாம நெஜமாவே புலிதானோன்னு அதுக்கே டவுட் வந்துடும்” என்று சிரித்தார்.

தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டரிடம், என் வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன். டாக்டர் நன்றாகச் சோதித்துப் பார்த்தார்.

“காயடிச்சது சரியாத்தான் இருக்கும்மா. ஒண்ணும் விட்டுப் போகல. ஆனா வயசு வந்து, பெட்டைங்களோட பழகினப்புறம் பண்ணியிருக்காங்க. கத்துக்கிட்டதெல்லாம் மண்டையில இருக்கு. அங்க ஆபரேஷன் பண்ண முடியாது.”

என்ன செய்யலாம் என்று கேட்டேன். பெட்டை கண்ணில் படாத, வாசம் எட்டாத இடத்தில் தனியாகக் கட்டச் சொன்னார். வாளி, பிரஷ், போர்வை எதையும் பொதுவாக வைக்காதே என்றார். நடத்தும்போது எதையும் மோந்து பார்க்க நிற்கவிடக் கூடாது. எதிரே நிற்காமல் தோளோரமாக நிற்க வேண்டும். நெருக்கினால் அடிக்காமல், கத்தாமல் பின்னால் நடக்கவைக்க வேண்டும். “அடிச்சா அதுவும் திருப்பிச் சண்டைக்கு வரும், அது பெரிய உடம்பு” என்றார்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் இடம் சும்மா கிடந்தது. ஒரு முளை அடித்தால் போதும். அதைத்தான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“தனியா கட்டினா பாக்கறவன் ஏன்னு கேப்பான். ஏமாந்து வாங்கிட்டேன்னு சொல்லட்டா? உங்க அண்ணன் உக்காந்து சிரிக்கறதுக்கு நீயே வழி பண்றியா?”

“யார் சிரிச்சா என்னங்க? தினமும் உள்ள போறது நான்தானே?”

“அப்ப போவாத. பட்டினி கெடக்கட்டும்.”

பட்டினி போட முடியுமா? தினமும் போனேன். பிரஷைப் பிரித்தேன், வாளியைப் பிரித்தேன், டாக்டர் சொன்னபடி பின்னால் நடக்கவைத்தேன். கொட்டகைக்கு வெளியே கொஞ்சம் அடங்கியது. உள்ளே, பெட்டைக்குப் பக்கத்தில், எதுவும் எடுபடவில்லை. ஒருநாள் கொள்ளு வைக்கும்போது என் தோளைக் கவ்வி உலுக்கியது. ரவிக்கை கிழிந்து தோள் கன்றிப் போனது. அவர் பார்த்துவிட்டு, “ரத்தம் வரல இல்ல?” என்றார். அவ்வளவுதான் அவர் விசாரணை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே கவலை. இன்றைக்குத் தோள். நாளைக்கு முகமா, கையா? மேலே மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது பாய்ந்தால்? ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்கு முன்னால் ஷெர்வானியோடு ஒருவன் விழுவது கண்ணை மூடினாலே தெரிந்தது.

ஊர்வலத்தில் குதிரை முதுகில் விரிக்க எங்களிடம் ஜரிகை வைத்த சிவப்பு வெல்வெட் ஒன்றே ஒன்றுதான். இரண்டு குதிரைக்கும் அதையேதான் மாற்றிப் போடுவோம். தண்ணீரில் நனைத்தால் ஜரிகை கறுத்துவிடும் என்று அதைத் துவைப்பதே இல்லை. வெயிலில் போட்டுத் தட்டி, அத்தர் தெளித்து மடித்து வைப்போம். குதிரை விடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஒரு சனிக்கிழமை பெட்டை அந்த வெல்வெட்டோடு கூடுவாஞ்சேரிக்குப் போய் வந்தது. அப்போது அதற்குப் பருவம். பருவத்தில் பெட்டை அடிக்கடி சிறுநீர் விடும். வெல்வெட்டின் வால் ஓரமெல்லாம் தெறித்துக் காய்ந்திருந்தது. மறுநாள் பள்ளிக்கரணையில் இன்னொரு கல்யாணம். பெட்டைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இதை ஓட்டிப் போவதாகச் சொன்னார்.

“அத மட்டும் போடாதீங்க. பெட்டையோட வாசம் அதுல அப்படியே இருக்கு” என்றேன்.

“அத்தர் அடிச்சாச்சு.”

“உங்க மூக்குக்குத்தான் அத்தர்.”

“வெறும் முதுகோட கூட்டினு போனா கல்யாணக்காரன் செருப்பால அடிப்பான். நகுருடி.”

நான் நகரவில்லை. என்னைத் தள்ளிவிட்டு, முற்றத்தில் நின்ற குதிரையின் முதுகில் வெல்வெட்டை வீசினார். அது கழுத்தைத் திருப்பி ஓரத்தை மோந்தது. மேலுதடு மடிந்தது. பிறகு ஒரு கத்தல். கனைப்பு இல்லை, அலறல். கொட்டகைக்குள்ளிருந்து பெட்டை பதில் கொடுத்தது. இவர் எதிரே நின்று தலைக்கயிற்றைச் சுண்டி, கடிவாளத்தின் வாரால் மூக்கிலேயே ஓங்கி ஒரு அடி அடித்தார். அடுத்த அடிக்குத் தூக்கிய கையை அது முழங்கைக்குக் கீழே கவ்வி, ஆளையே தூக்கிச் சுவரில் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

 நான் தோளோரமாகப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். வெல்வெட்டை உருவிக் கீழே போட்டேன். “பின்னால, பின்னால” என்று சொல்லிச் சொல்லி, தொட்டியைத் தாண்டி நடக்கவைத்து வேலிக்காலில் கட்டினேன். முடிச்சை எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். பெண் வீட்டுப் பெரியவர் யாரோ கத்தினார். “இன்னாம்மா இது, மாப்ள மால போட்டுகினு ரோட்ல நிக்கறாரு, குதிர எங்க?”

“குதிரை வராது. கார்ல போகச் சொல்லுங்க, கை கால் முழுசா போய்ச் சேருவாரு” என்று வைத்துவிட்டேன்.

கையில் மாவுக்கட்டோடு மனுஷன் திரும்பி வந்தார். வேலிக்காலில் கட்டியிருந்த குதிரையைக் கொட்டகைக்கே கொண்டு போகச் சொல்லிக் கத்தினார். நான் காதில் வாங்கவில்லை. கை சேரும்வரை ஊர்வலத்துக்கு ஆள் வேண்டுமே என்று, குதிரை பழகின ஒருவரை வரச் சொன்னார். வந்தவர் கைக்கட்டைப் பார்த்து, “இன்னாண்ணே ஆச்சு?” என்றார்.

“பைக்ல ஸ்லிப் ஆயிட்டேன். குதிர ரெண்டும் தங்கம்ப்பா. அதுவும் அந்தச் செவப்பு, காயடிச்சது, பசு மாதிரி நிக்கும். ரெண்டையும் உள்ள பக்கத்துல பக்கத்துல கட்டிடு.”

டீயை நீட்டிக்கொண்டிருந்த நான் சொன்னேன்: “பைக்கு இல்ல. அந்தப் பசுதான் கடிச்சுது. பெட்டை பக்கத்துல கட்டினா உங்களையும் கடிக்கும்.”

“வாய மூடுடி! இது என் வூடு, நான் சொல்றதுதான்.”

வந்தவர் டீயைக் கீழே வைத்தார். “அண்ணே, கோவப்படாத. வூடு உன்து. கயித்த புடிக்கப் போற கை என்து. எங்க கட்டணும்க்கா?”

கடப்பாரையைக் கொடுத்துத் தொட்டிப் பக்கம் காட்டினேன். அவர் முளை அடிக்கக் குழி தோண்ட ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கடப்பாரைச் சத்தம் கேட்கக் கேட்க அவரால் இருக்க முடியவில்லை. எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“அங்க இல்லடா! இன்னும் தள்ளிப் போ. அங்கேர்ந்து பாத்தா பெட்டையோட மூஞ்சி தெரியும்.”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

“தெரியுமா உங்களுக்கு?”

“இன்னாடி மொறைக்கிற? போய் சோத்த போடு” என்றார்.

தள்ளித்தான் அடித்தோம். அன்றைக்குச் சோற்றை அவரே போட்டுக்கொண்டார், ஒற்றைக் கையால்.