ஒன்று இல்லாத ஐந்நூறு பெட்டி

அமுதவல்லி பதினோரு வருஷம் குடகில் காப்பிப் பழம் பறித்தவள். ஜவ்வாது மலையில் பாதிப் பேர் பிழைப்பு அதுதான். சாமை அறுத்த கையோடு பஸ் ஏறினால் மாசிக்குத்தான் ஊர் முகம் பார்ப்பார்கள். அவளும் புருஷன் வடிவேலுவும் ஜோடியாகப் போனார்கள். கடைசி வருஷம் அவனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. தோட்டத்து ஓரத்திலேயே புதைத்துவிட்டு ஒற்றையாளாகத் திரும்பி வந்தாள். இனி செத்தாலும் அந்தத் திசைக்குப் போவதில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு பிறவி.

அவள் சொல்லைக் காப்பாற்றியது ஜப்பார் பாய் ஜமுனாமரத்தூரில் போட்ட தோல் ஷெட். எட்டுப் பெண்கள் உட்கார்ந்து பர்ஸும் பெல்ட்டும் தைக்கிற இடம். ஜப்பாரின் அண்ணன்மார் வாணியம்பாடியில் பெரிய தோல் வியாபாரிகள். மலை உச்சியில் எதற்கடா ஷெட், மூடித் தொலை என்று அவர்கள் வருஷம் முழுக்க அவரைக் கரித்துக் கொட்டினார்கள். ரம்ஜான் வரைக்கும் பார்ப்போம் என்று ஒரு கெடு வைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு வேலை வந்தது. அதைக் கொண்டுவந்தது ஜப்பாருடைய பைத்தியம். சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஹார்டு ராக் என்றால் உயிர். கிடார் கதறுகிற பாட்டு. அவரைப் போன்ற பித்தர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். அப்படிப் பழக்கமான ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள்தான் இந்த வேலையைக் கொடுத்தவர்கள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய இசைத்தட்டை மறுபடி அச்சடித்து, கூடவே எங்கோ தகர டப்பாவில் கிடந்த ஒரு பழைய நேரடிக் கச்சேரிப் பதிவையும் சேர்த்து, தோல் பெட்டியில் வைத்து விற்கப் போகிறார்கள். மொத்தமே ஐந்நூறு பெட்டி. ஒவ்வொன்றின் மூடியிலும் கையால் அடித்த எண் இருக்க வேண்டும். இது சரியாகப் போனால் இன்னும் நான்கு இசைத்தட்டுகளுக்கு இதே ஷெட்டில் பெட்டி. பிறகு அண்ணன்மார் வாயைத் திறக்க முடியாது.

பழைய பாட்டையே திரும்ப விற்கிறார்களா என்று அமுதவல்லி கேட்டாள். ஜப்பார் மாதிரிக்கு வந்த தட்டுகளைப் போட்டுக் காட்டினார். முதல் தட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. கச்சேரித் தட்டு ஓடும்போது தையலை நிறுத்திவிட்டாள். நடுவில் ஒரு தந்தி அறுந்து பாட்டு நின்றது. கூட்டத்தில் எவனோ இருமினான். இன்னொருவன் ஏதோ கத்த, நாலு பேர் சிரித்தார்கள்.

"இதுல ஆளுங்க கீறாங்க பாய்," என்றாள். "அதுல யாருமே இல்ல."

ஜப்பார் அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டார். எண் அடிக்கிற வேலையை அவளிடம் கொடுத்தது அதனால்தான் என்று மற்றப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அது மட்டும் இல்லை. அவளுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும், காப்பி மூட்டைக்கு எண் போட்டுப் பழகியவள். கையும் நடுங்காது. அச்சை வைத்து மரச்சுத்தியால் ஒரே தட்டு. ஒன்றிலிருந்து ஐந்நூறு வரைக்கும் வரிசையாக அடிக்கச் சொன்னார். சரி என்றாள்.

முதல் பெட்டியைக் கையில் எடுத்தாள். அவளுடைய அப்பா மாதையன் களத்தில் சாமை அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லவே மாட்டார். லாபம் என்று சொல்லித் தனியாகக் கொட்டுவார். அடுத்த படிதான் இரண்டு. மலையிலும் சரி, கீழே படவேட்டு நெல் களத்திலும் சரி, அப்படித்தான் அளப்பார்கள். அவளும் "லாபம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அச்சடிக்காமல் அலமாரியில் கிழக்கு பார்த்து வைத்தாள். அடுத்த பெட்டியில் இரண்டு என்று அடித்தாள். சுற்றியிருந்த ஏழு பெண்களில் ஒருத்திக்கும் அது தப்பாகப் படவில்லை. எப்படிப் படும்?

பதினாறு நாளில் ஐந்நூறு என்ற எண் விழுந்தது. மறுநாள் முந்நூற்று நாற்பத்தேழாம் பெட்டியின் மூடியில் கத்தி வழுக்கிக் கீறல் விழுந்துவிட்டது. வேலையைச் சரிபார்க்கிறவள் ஜப்பாரின் மனைவி ரைஹானா. ஐந்நூறும் முடிந்த பிறகு அலமாரியில் எண் இல்லாமல் ஒரு பெட்டி இருப்பதைப் பார்த்தாள். மிச்சம் என்று நினைத்து அதன் மூடியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அடிப்பாகத்தைக் கழிவோடு தள்ளிவிட்டாள். வெறும் மூடியாக வந்ததை அமுதவல்லி அடையாளம் காணவில்லை. தன் கையாலேயே அதில் முந்நூற்று நாற்பத்தேழு அடித்தாள்.

அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது. மூன்று தரம் எண்ணினார்கள். ஜப்பார் முதல் வரிசையைக் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணு எங்கமா?"

"லாபமா? அலமாரில கீது பாய்."

அலமாரி வெறுமையாக இருந்தது. ரைஹானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜப்பார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். இந்தப் பித்தர்கள் எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒன்றாம் எண் என்று அப்போதுதான் அமுதவல்லிக்குச் சொன்னார். அதை ஒரு கிழவர் ஒரு வருஷத்துக்கு முன்பே பதிந்து வைத்திருந்தார். அந்தக் கச்சேரி நடந்த கூடத்தில் இருந்தவராம் அவர். ஐந்நூறும் ஒரே தொட்டியில் சாயம் ஏற்றிய தோல். அதில் மிச்சம் ஒரு துண்டு கிடையாது.

வேறு தோலில் ஒரு பெட்டி தைத்தார்கள். ஷெட்டுக்குள் பார்த்தால் கறுப்பு, வெயிலில் வைத்தால் லேசாகச் சிவப்பு ஓடியது. அமுதவல்லி அதில் ஒன்று என்று அடித்தாள். நடந்ததைக் கடுதாசியில் எழுதி அனுப்பச் சொல்லி ஜப்பாரிடம் இரண்டு தரம் கேட்டாள். எழுதினால் மொத்தமும் திரும்பி வந்துவிடும் என்று அவர் எழுதவில்லை. அவருக்கும் பயம், பாவம்.

கிழவர் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டார். படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டார். ஒன்றே போலி என்றால் மற்றவை எப்படி அசல் என்று பித்தர்கள் கூட்டம் முழுக்கப் பேச்சு பரவியது. அடுத்த நான்கு இசைத்தட்டுகளுக்கும் வேலை இல்லை என்று கம்பெனியிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. அண்ணன்மார் ரம்ஜான் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. லாரி வந்து தையல் மிஷின்களை ஏற்றிக்கொண்டு போனது.

"ஒரு அடி ஒண்ணுன்னு அடிச்சிருந்தா உன் கை ஒடிஞ்சி போயிருக்குமா?" என்று கேட்டாள் ஜெயசுதா. பக்கத்து மிஷினில் தைத்தவள், கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டிருப்பவள். ஊரில் இன்றைக்கும் அமுதவல்லியைத்தான் குற்றம் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒன்றாம் எண் அவ்வளவு பெரிது என்றால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவள் செய்தது மரியாதை. அதை யார் இல்லை என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள முடியாது. ஆனால் மரியாதை ஷெட்டைத் திறந்து வைக்கவில்லை.

கார்த்திகையில் குடகுத் தோட்டத்துக்கு ஆள் எடுக்க மேஸ்திரி சேட்டு வந்தான். ஒற்றையாளை எடுக்க மாட்டோம், ஜோடியாக வந்தால்தான் கூலிகள் தங்குகிற லயத்தில் அறை என்றான். அமுதவல்லி நாலு நாள் சந்தைத் திடலில் அவன் பின்னாலேயே நடந்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் ஜெயசுதா வந்து, தன் பெயரோடு அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். ஜெயசுதாவின் புருஷன் ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போய் இரண்டு வருஷமாகச் சேதி இல்லை. அவளும் ஒற்றையாள்தான்.

அமுதவல்லி என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஜோடின்னா பேசிக்கணும்னு இல்ல," என்றாள் ஜெயசுதா. "பை எடுத்துக்கினு வா."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அமுதவல்லிக்குக் கிடைத்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஜெயசுதா தன் துணி மூட்டையை வைத்துக்கொண்டாள். வளைவுகளில் பஸ் சாயும்போது அது அமுதவல்லி மேல் சரிந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு, மலை இறங்கி முடிகிறவரை வெளியே பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.