கிரேனில் வந்த நோய்

கட்டட வேலையிடத்தில் எல்லோரும் அவரைக் காத்துதின்னி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஏணி ஏறிக் கிரேனின் கேபினுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு வாய் உள்ளே போனாலும் வயிறு கலக்கும். அவ்வளவு உயரத்திலிருந்து அவசரத்துக்கு இறங்க முடியாது. கொக்கியில் கம்பிக்கட்டு தொங்கும்போது எழுந்து போகவும் முடியாது.

"என்னண்ணே, மேல காத்து இன்னிக்கு உப்பா உறைப்பா?" என்று கீழிருந்து சிக்னல் காட்டுகிறவன் வாக்கிடாக்கியில் கேட்பான்.

"உனக்கும் ஒரு பொட்டலம் கட்டி எடுத்துட்டு வர்றேன். நீ கொக்கியப் பாருடா" என்பார்.

குடலில் புண். ரத்தமாகப் போகும், கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். இது நீண்டநாள் குடல் அழற்சி என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. மேலே பட்டினி கிடந்து கிடந்து குடல் வெந்துபோச்சு என்று அவருடைய அக்கா தீர்ப்புச் சொன்னாள். வீடு அதையே பிடித்துக்கொண்டது. உண்மையில் புண் வந்த பிறகுதான் பட்டினி. எது முந்தி, எது பிந்தி என்பது நாளாக ஆக அவருக்கே குழம்பிப்போனது. அக்காவின் விரல்கள் வீங்கிக் கோணியதற்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது: சலவைக்கடை வேலை, எந்நேரமும் ஈரத்தில் கை.

அக்காவின் தீர்ப்பு அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. கிரேனில் வந்த நோய் கிரேனோடு போய்விடும், பிள்ளைகளை அண்டாது. இரண்டு மகள்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டால் போதும்.

பெரியவள் ஒரு வேளை தவறாதவள். கல்லூரியில் சேர்ந்த வருஷம் தினமும் காலையில் அவளுக்கு இடுப்பு இறுகிக்கொண்டது. சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். பிறகு ஒரு கண் சிவந்து வெளிச்சம் கூசியது. வீட்டில் யாருக்காவது குடல் வியாதி, மூட்டு வியாதி உண்டா என்று கண் டாக்டர் கேட்டார். இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டுக் கணக்கில் அவை வியாதிகளே அல்ல, வேலைகள்.

கண் ஆறுவதும் சிவப்பதுமாக இருந்து, கடைசியில் பார்வை மங்கியது. அப்போதுதான் அவர் மகளோடு கண் டாக்டரிடம் போனார். டாக்டர் பழைய கேள்வியைத் திரும்பவும் கேட்டார்.

"எனக்கு வயிறு சரியில்லைதான் மேடம். ஆனா அது கிரேன்ல வந்தது."

"கூடப் பொறந்தவங்களுக்கு?"

"அக்காவுக்கு விரலு. அது ஈரத்துல வந்தது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஈரத்துலயும் இல்ல, கிரேன்லயும் இல்லைங்க. உடம்பக் காப்பாத்த வேண்டிய சக்தியே உடம்பத் தாக்குது. அதுக்கு வழிவிடுற மரபணுக்கள்ல சிலது இந்த வியாதிகளுக்கெல்லாம் பொது. ஒருத்தருக்குக் குடல்ல காட்டும், ஒருத்தருக்கு மூட்டுல, இவங்களுக்கு முதுகெலும்புலயும் கண்ணுலயும். ஒண்ணுமே வராமலும் போகலாம்."

"நான் ஒழுங்கா சாப்பிட்டிருந்தா?"

"அப்பவும் வந்திருக்கலாம்."

"முன்னாடியே சொல்லியிருந்தா?"

"இதுக்குன்னு இருக்கிற ஊசிய முன்னாடியே ஆரம்பிச்சிருப்போம். இப்பவும் ஆரம்பிக்கலாம். ஆனா போன பார்வை…" டாக்டர் மறுபடி பேனாவை எடுத்தார். "வேற பிள்ளைங்க இருக்காங்களா?"

"சின்னவ ஒருத்தி."

"கவனிச்சுக்கோங்க."

பஸ்ஸில் பெரியவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு வயிறும் வருமாப்பா?"

"வரும்னு சொல்லலையே."

"வராதுன்னு சொன்னாங்களா?"

அவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பேசாம கிரேன்லயே வந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள் அவள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

வீட்டில் சின்னவள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் வாசலிலேயே நின்றார்.

"எந்திரி பாப்போம்."

அவள் துள்ளி எழுந்தாள். "என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. படுத்துட்டு மறுபடி எந்திரி."

"உனக்கென்ன கிறுக்காப்பா?" என்று சொல்லிக்கொண்டே படுத்து எழுந்தாள். கையை ஊன்றினாளா, இடுப்பைப் பிடித்தாளா என்று பார்த்தார். இரண்டும் இல்லை. அது போதவில்லை.

"இன்னொரு வாட்டி."

"விடுப்பா" என்றாள் பெரியவள், சுவரோரமாகக் கட்டிலில் உட்கார்ந்தபடி.

சின்னவள் விளையாட்டு என்று நினைத்து அதற்குள் மறுபடியும் படுத்துவிட்டாள். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.