எண்ணூர்க் குப்பமும் என் ஐந்து லட்சமும்

முப்பத்தோரு வருடம் அம்பத்தூரில் மிஷினோடு மல்லுக்கட்டி வாங்கிய கிராஜுவிட்டியில் ஐந்து லட்சத்தை ஒரு டெக்னாலஜி கம்பெனியில் போடலாமா என்று யோசனை. நண்பரின் மகன் கார்த்திக் நடத்தும் கம்பெனி. ஃபைபர் படகில் அவர்கள் பொருத்தும் சின்னப் பெட்டி, படகு கடலில் எங்கே இருக்கிறது என்று வீட்டிலிருப்பவர் போனில் காட்டும். "நேர்ல போய்ப் பார்க்காம ஒத்தப் பைசா போடக் கூடாது" என்று என் வீட்டம்மா உத்தரவு போட்டுவிட்டாள். அப்படித்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

வண்ணாரப்பேட்டை மச்சான் வீட்டிலிருந்து காலை 5.40க்கு மெட்ரோ. விம்கோ நகர் வரை முப்பது ரூபாய், ஏசியில் சொகுசு. அங்கிருந்து எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஐந்து கிலோமீட்டர் கடக்க அரைமணி நேரம் ஆனது.

"குப்பத்துல இன்னா சார் வேலை?" என்றார் டிரைவர்.

"பங்கு வாங்கலாமான்னு பாக்கப் போறேன்."

"எந்த போட்ல?"

கம்பெனிப் பங்கு என்று விளக்கினேன். கம்பெனி லாபம் பார்த்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "மீனே வர்ல, அதுக்குள்ள பங்கா? ஷோக்கா கீதே!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

குப்பத்தில் அஞ்சலை என்பவர் மீன் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பற்றிக் கேட்டதும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். "இந்தப் புள்ளிதான் எங்க வூட்டுக்காரு. தோ, வந்துகினு கீறாரு." இருபது நிமிடத்தில் புள்ளி காட்டிய இடத்திலேயே படகு கரையேறியது. அசந்துவிட்டேன். கார்த்திக் கெட்டிக்காரப் பிள்ளைதான்!

"கம்பெனிக்காரங்க நல்லா பாத்துக்கிறாங்களாம்மா?"

"அட போ நைனா. மூணு மாசமா பொட்டியில கீற சிம்முக்கு ரீசார்ஜே பண்ல. போன் போட்டா எடுக்க மாட்றான். ஒரே பேஜாரு. அப்பால குப்பத்துப் பொம்பளைங்க நாங்களே காசு போட்டுகினோம்."

"கைக்காசா?"

"பின்ன? காத்து அடிச்சா ஒல வெக்கவே கை வராது. இப்போ புள்ளியப் பாத்துகினே வேலையப் பாக்குறேன்."

கம்பெனி கைவிட்ட பொருளைக் கைக்காசு போட்டு உயிரோடு வைத்திருக்கிறார்கள் இந்தப் பெண்கள். எந்த விளம்பரமும் இதற்கு ஈடாகாது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பதினொரு மணிக்குத் திருவொற்றியூரில் கார்த்திக்கின் ஆபீஸ். பன்னிரண்டு நாற்காலி, மூன்று ஆள், ஒரு பெரிய காபி மிஷின். கையிருப்பு இரண்டு மாதச் சம்பளத்துக்குத்தான் வருமாம். பேச்சோ அடுத்து ஆந்திரா, கேரளாவிலும் விற்கப்போகிறோம் என்று போனது.

"எண்ணூர்ல ஒரு கஸ்டமர்கூட விட்டுப் போகல சார்" என்றார் பெருமையாக.

"ரீசார்ஜ் யார் பண்றாங்க தம்பி?"

"நாமதான் சார். ஆட்டோமேட்டிக்கா போயிடும்."

கணக்குப் பார்க்கும் பெண் தலையைத் தூக்கினார். "அக்கவுண்ட்ல பணம் இல்லாம அது நின்னு மூணு மாசமாச்சு சார். உங்களுக்கு மெயில் போட்டேனே."

கார்த்திக்கின் முகம் வெளுத்துவிட்டது. பாவம், நிஜமாகவே தெரியவில்லை.

என்னைப் போலப் போகிறவர்களுக்கு: படகு திரும்பும் நேரம், காலை எட்டுக்குள் குப்பத்தில் இருங்கள். தண்ணீர், குடை, சில்லறை அவசியம். முதலில் வாங்கியவரைப் பாருங்கள், பிறகு விற்பவரை. ஆபீஸுக்கு முதலில் போயிருந்தால் அந்தப் பிள்ளையின் பேச்சில் மயங்கி அங்கேயே செக் எழுதியிருப்பேன்.

ஐந்து லட்சம் இன்னும் என் பேங்கில்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனி படுத்தால் அஞ்சலையின் புள்ளியும் போய்விடும். அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. அதனால் கிளம்பும்போது சொன்னேன்: "தம்பி, ஒருநாள் காலைல குப்பத்துக்குப் போய் அந்தம்மாகிட்ட உட்கார்ந்து பேசுங்க. அப்புறம் பணத்தைப் பத்திப் பேசலாம்."

"கண்டிப்பா சார்" என்று கார்த்திக் உடனே போனைக் கையில் எடுத்தார். "எனக்கு லொகேஷன் அனுப்பிடுறீங்களா?"