சமதளத்தில் எத்தனை மீட்டர்

எங்கள் வீடு குன்னூருக்குக் கொஞ்சம் மேலே, எஸ்டேட் ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. ரோட்டிலிருந்து வாசலுக்கு இருபத்தாறு படிகள். என் அப்பா வாங்கிப்போட்ட வீடு. நாற்பது வயது வரை வேறொரு நாட்டில் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளனாக இருந்துவிட்டு, மனைவி இறந்தபின் மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அங்கே நான் ஷிஃப்டுக்குப் போனால் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இங்கே வீடாவது இருந்தது.

மகளுக்கு அப்போது பதினோரு வயது. கால் தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். இன்று அவளுக்கு இருபத்தைந்து. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வெளியே வீல்சேர்.

வீட்டிலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அப்பால் தேயிலை ஃபேக்டரி தெரியும். பனி மூடிய நாட்களில் தெரியாது, ஆனால் கேட்கும். பறித்து வந்த இலையை மாடியில் பரப்பி, கீழிருந்து பெரிய ஃபேன்களால் காற்றுவிட்டு வாட்டுவார்கள். அந்த ஃபேன்களின் இரைச்சல் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். புதிதாக வருபவர்கள் பக்கத்தில் ஆறு ஓடுகிறதா என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பறிப்பு கிடையாது. அதனால் திங்கட்கிழமை காலையில் மட்டும் ஃபேன் ஓடாது. அந்த அமைதி காதில் ஏதோ அடைத்ததுபோல இருக்கும்.

ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு நெஞ்சில் ஒரு முறை வலி வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் அந்த மூன்று நாள் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் வீட்டில் தனியாக, ரொட்டியும் தண்ணீரும் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை அதற்கு முன்பும் யோசித்திருக்கிறேன். அந்த மூன்று நாளில் அதை வேறு மாதிரி பார்த்தேன். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி வேண்டும். அதற்கு நான் இல்லாவிட்டாலும் மாதாமாதம் நிற்காமல் ஏதாவது பணம் வர வேண்டும்.

முதலில் இங்கே தாலுகா ஆபீஸில்தான் கேட்டேன். கிளார்க் அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே சொன்னார்:

“இவங்க நம்மூர்க்காரங்க இல்லீங்களே.”

அவள் அங்கே பிறந்தவள், அந்த நாட்டுக் குடிமகள். சரி என்று அந்த நாட்டுக்கு எழுதினேன். வெளிநாட்டில் வசிப்பவர்களும் சில நிபந்தனைகளோடு ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் கண் நின்றது. இங்கே அவள் வெளிநாட்டுக்காரி, அங்கேயும் வெளிநாட்டில் இருப்பவள்.

விண்ணப்பம் ஒரு சிறு புத்தகம் அளவுக்கு இருந்தது. குன்னூர் டாக்டர் தன் பக்கங்களை நிரப்பிக் கையெழுத்திட்டார். இங்கே ஊனம் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள், இதில் சதவீதத்துக்குக் கட்டமே இல்லையே என்று அவருக்கு ஆச்சரியம். மற்றதெல்லாம் நான் எழுதினேன். துணையின்றிக் குளிக்க முடியுமா, சட்டைப் பொத்தான் போட முடியுமா, தனியாகப் பஸ்ஸில் போக முடியுமா. சாயங்கால பஸ்ஸில் எங்களூரில் நல்ல காலுள்ளவனே ஏற முடியாது என்று அவர்களுக்கு எப்படி எழுதுவது? பதினான்கு வருடமாக யார் கேட்டாலும், பாப்பா நல்லா இருக்கா என்று மட்டுமே சொல்லிப் பழகியவன் நான். அவளால் முடியாததை எல்லாம் பக்கம் பக்கமாக, அவள் பக்கத்து அறையில் இருக்கும்போது எழுதினேன். எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டேன்.

எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்ற கேள்விக்கு, வீட்டிலிருந்து ரோடு வரைகூட முடியாது என்று எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நீங்கள் குறிப்பிட்டிருப்பது மேட்டில் ஏறுவதை. கேள்வி சமதளத்தைப் பற்றியது. சமதளத்தில் எத்தனை மீட்டர் நடக்க முடியும் என்று ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கவும்.

அதை வாசித்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்களூரில் யாரும் தூரத்தை மீட்டரில் சொல்வதில்லை. ஏத்தம் என்பார்கள், எறக்கம் என்பார்கள், ரெண்டு வளைவு தள்ளி என்பார்கள். சமமான இடம் வேண்டுமானால் மண்ணை வெட்டித்தான் உண்டாக்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவள் இருபதடிக்கு மேல் மட்டமான தரையைக் கண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டின் நீளமே அவ்வளவுதான்.

ஃபேக்டரியின் டீமேக்கர் எனக்குப் பழக்கம். டீமேக்கர் என்றால் அங்கே தூள் செய்வதற்கு முழுப் பொறுப்பானவர். நடுவட்டம் பக்கத்துக்காரர். பத்திரிகை வாங்கிப்போக எங்கள் வீட்டுக்கு வருவார். விஷயத்தைச் சொன்னதும், எங்க லாஃப்டைவிட மட்டமான தரை இந்த மலையில ஏதுங்க சார் என்றார். லாஃப்ட் என்பது இலை வாட்டும் மாடி. சரிவில் கட்டிய ஃபேக்டரி என்பதால் மேல்ரோட்டிலிருந்து நேரே அதற்குள் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போகலாம். இலை பரப்பும் தொட்டிகள் ஒவ்வொன்றும் நூறடி நீளம். திங்கட்கிழமை காலையில் காலியாக இருக்கும், பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க என்றார்.

அதற்கு முந்தைய நாட்களில் நான் விண்ணப்பத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் படித்திருந்தேன். ஐம்பது மீட்டருக்கு மேல் நடக்க முடிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியில் மதிப்பெண் இல்லை. மதிப்பெண் சேர்ந்தால்தான் உதவித்தொகை. இதை அவளிடம் சொல்லவில்லை. நூறடி என்பது ஏறக்குறைய முப்பது மீட்டர். ஒரு முழு நடையும், திரும்பி வரும்போது இன்னும் இருபது மீட்டரும் நடந்தால் கோடு தாண்டிவிடும்.

திங்கட்கிழமை டீமேக்கரும் நானும் அவளை நாற்காலியோடு படியேற்றினோம். லாஃப்ட் வெதுவெதுப்பாக இருந்தது. முந்தைய இலையின் பச்சை வாசனை மரத்தில் ஊறிக்கிடந்தது. இரண்டு வரிசைத் தொட்டிகளுக்கு நடுவே நீண்ட பலகைத் தரை, ஒரு பக்கம் முழுக்க ஜன்னல்கள். தொட்டியின் விளிம்பு அவள் இடுப்புயரம். பிடித்துக்கொள்ள அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

நான் அளவுநாடாவால் அளந்து, திரும்பி வரும் வழியில் ஐம்பது மீட்டர் எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டேன். ஒரு ஜன்னலுக்கு நேரே முடிந்தது. அங்கே போய் நின்றுகொண்டேன்.

அவள் எழுந்து நடந்தாள். ஒரு பாதம் வைக்கும் சத்தம், அடுத்தது இழுபடும் சத்தம். முப்பதடியில் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. என்னைக் கடந்து போனாள். கடைசிவரை போய்த் திரும்பினாள். திரும்பும்போது அவள் முகம் பார்த்தேன். வியர்த்திருந்தது. சிறுவயதில் அந்த ஊர் நடைபாதையில் எனக்கு முன்னால் ஓடிப்போய்த் திரும்பிப் பார்ப்பாளே, அந்த முகம். அதைப் பார்த்து ஒரு தகப்பன் சந்தோஷப்பட வேண்டும். நான் அவளுக்கும் ஜன்னலுக்கும் இடையே எத்தனை அடி மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்துவிடக்கூடாதே என்றுதான் பயந்தேன் என்று இன்று சொல்லலாம். அது உண்மையில்லை.

ஜன்னலுக்கு இரண்டு எட்டு மிச்சம் இருக்கும்போது என் வாய் தானாகச் சொன்னது:

“போதும் சாமி, நில்லு.”

நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள், என் கையிலிருந்த நாடாவைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

“ஏனுங்கப்பா, அதிகமா நடந்துட்டேனா?”

அந்தப் புத்தகத்தை அவளும் படித்திருக்கிறாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் டீமேக்கர் என்னைத் தனியே அழைத்து, தணிந்த குரலில் சொன்னார்: “எத்தனைன்னு எழுதோணுமோ எழுதிக்குங்க சார். நான் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.” நல்ல எண்ணத்தில் சொன்னார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை, ஒப்புக்கொள்ள நாக்கு வரவில்லை.

அன்று மதியத்திலிருந்து மூன்று நாள் அவளால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. தொடை கட்டையாக இறுகிப்போனது. வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் கடிதத்தை எழுதிவிட்டீர்களா என்று அவளே கேட்டாள். இல்லை என்றேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றும் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“நடந்ததை எழுதுங்க. படுத்துக் கெடக்கறதையும் எழுதுங்க. ரெண்டும் நான்தானே.”

அப்படியே எழுதினேன். ஆனால் ஒன்று: ஏறக்குறைய ஐம்பது மீட்டர் நடந்தாள் என்றுதான் எழுதினேன், நான் நிறுத்தினேன் என்று எழுதவில்லை. நிறுத்தாவிட்டால் எவ்வளவு நடந்திருப்பாள் என்று எனக்கும் தெரியாது.

மழை தொடங்கும் சமயத்தில் பதில் வந்தது. உதவித்தொகை வழங்கப்படும். கடைசிப் பத்தியில், உங்கள் நிலையில் முன்னேற்றம் ஏற்பட்டால் உடனடியாகத் தெரிவிக்கவும் என்றிருந்தது. கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, நல்லதுங்கப்பா என்று மடித்துக் கொடுத்தாள். பிறகு, ஒரு நாள் லாஃப்டுக்குப் போலாமா, இந்தத் தடவை மெதுவா நடக்கறேன் என்றாள். பார்க்கலாம் என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை கேட்டாள். இப்போதெல்லாம் திங்கட்கிழமையும் இலை வருகிறதாம் என்று பொய் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள்.

“ஃபேன் ஓடலீங்களே, அப்பா.”

வேறு பக்கத்து ஃபேன் ஓடும், நமக்குக் கேட்காது என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன்? ஏழு கடல் தாண்டி யாரும் வந்து அந்தப் பலகைத் தரையைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் ‘முன்னேற்றம்’ என்ற அந்தச் சொல் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. அவள் நன்றாக நடப்பதை நான் பார்த்தால், பார்த்ததாகிவிடும் என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கும் வீட்டில் பேச்சு இன்னும் குறைந்தது. திங்கட்கிழமை காலையில் எழுந்ததும் செல்போனில் சத்தமாகப் பாட்டு வைக்க ஆரம்பித்தாள். மற்ற நாட்களில் வைப்பதில்லை. ஐந்தாறு வாரம் நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு திங்கட்கிழமை அடுப்படியில் காபி கலக்கும்போதுதான் புரிந்தது. ஃபேன் ஓடாதது எனக்குக் கேட்கக்கூடாது என்று பாட்டு வைக்கிறாள். நான் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கக்கூடாது என்று.

காபியை அப்படியே வைத்துவிட்டு டீமேக்கருக்குப் போன் செய்தேன். பிறகு அவள் அறைக்குப் போய்ப் பாட்டை நிறுத்தினேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. போலாமா என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

“நீங்க எண்ணக்கூடாது.”

சரி என்றேன்.

லாஃப்டில் அவளைத் தொட்டி விளிம்பைப் பிடிக்க வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பள்ளத்துக்கு எதிரே எங்கள் வீட்டின் தகரக் கூரை தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு பாதம் வைக்கும் சத்தம், அடுத்தது இழுபடும் சத்தம். பதினொன்று வரை எண்ணாமல் இருக்க முடியவில்லை. அதற்குமேல் பக்கத்தில் நின்ற டீமேக்கரிடம், இந்தக் கட்டடம் எப்போது கட்டியது என்று கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.