ஹாஜியாருக்கு ‘ஃப்ளாட்’ தெரிந்த பிறகு

1. கூட்டுங்க மாஸ்டர்

ஆலங்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் கீபோர்ட் வாசிக்கச் சேர்ந்த முதல் பின்னேரமே, முதலாளி சமீம் ஹாஜியார் தன் மேசையிலிருந்து கையை மேலே தூக்கி ஆட்டினார். “கூட்டுங்க மாஸ்டர்” என்றார்.

வொலியூமைக் கூட்டினேன். கை நிற்கவில்லை. சுருதியை அரைக் கட்டை ஏற்றினேன். பாடிக்கொண்டிருந்த மெர்லின் திரும்பி என்னை முறைத்தாள். அவள் குரல் அதற்கு மேல் போகாது. டெம்போவைக் கூட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் அவசரமாக விழுங்கத் தொடங்கினார்கள். கடைசியில் ஹாஜியாரே எழுந்து வந்து, கொஞ்சம் சந்தோஷமான பாட்டாகப் போடும்படி சொன்னார்.

புதிதாக இசை கேட்க வருகிறவர்கள் முதலில் பிரித்தறிய வேண்டியது இந்த மூன்றையும்தான். வொலியூம் என்பது சத்தம் பெரிதா சிறிதா என்பது. சுருதி, அதாவது பிட்ச், உயரமா தாழ்வா என்பது. காதருகே பறக்கிற நுளம்பின் சத்தம் சிறிது, சுருதி உயரம். கடலில் போகிற வள்ளத்து எஞ்சினின் சத்தம் பெரிது, சுருதி தாழ்வு. டெம்போ என்பது வேகம். ‘சந்தோஷம்’ என்று ஒரு பட்டன் எந்தக் கீபோர்டிலும் இல்லை.

2. பாடம்

ஹோட்டலுக்கு முன் ஹாஜியார் ஐஸ் பெக்டரி நடத்தியவர். தாடி நரைத்த வயதில் என்னிடம் வந்து இசை கற்றுத் தரச் சொன்னார். படிக்க அவர் வெட்கப்படவில்லை, அது நல்ல குணம். படித்ததை ஒரு நாளாவது வாய்க்குள் வைத்திருக்க அவரால் முடியவில்லை, அது வேறு குணம்.

ஒரு பாட்டில் நாம் முணுமுணுக்கிற பகுதி மெலடி, தமிழில் மெட்டு. பொருந்துகிற சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அழுத்தினால் கோர்ட். மெலடிக்குத் துணையாக வேறு சுரங்கள் ஒத்து ஒலித்தால் ஹார்மனி. இதைச் சொல்லிக் கொடுத்த மறுநாளே சோற்றுக்கு ஊற்றுகிற மீன் ஆணத்தில் ஹார்மனி இல்லை என்று குசினியில் ஏசினார். வாசல் கூட்டுகிற ஆளிடம் டெம்போ காணாது என்றார்.

பிறகு ஷார்ப், ஃப்ளாட். பாடகரின் குரல் சுரம் நிற்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் ஷார்ப், கீழே விழுந்தால் ஃப்ளாட். அந்தச் சொல் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. என் தாளில் ‘பீ ஃப்ளாட்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, பிழையாக வாசிப்பதென்று முதலே முடிவு எடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். அது ஒரு சுரத்தின் பெயர், குற்றம் இல்லை என்றேன். தலையாட்டினார். நம்பவில்லை.

3. ஒரு விருந்தாளியின் கருத்து

தங்கிவிட்டுப் போன விருந்தாளி ஒருவர் இணையத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். ஹாஜியாரின் கண்ணில் பட்டவை இரண்டே சொற்கள்: பின்னேரம், ஃப்ளாட். பின்னேரம் பாடுவது மெர்லின். அன்றே தொலைபேசியில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மெர்லின் சிலாபத்துக்காரி. மாதா கோயில் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து பாடியவள். அவள் பாடித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. எனக்கு அழைத்தபோது அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

“அண்ணா, நான் சுருதி கீழயா பாடுறேன்? இவ்வளவு நாளும் நீங்க எனக்காக மறைச்சீங்களா?”

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. கோயிலிலும் இனிப் பாடப் போவதில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலை வேறு இடத்தில் கிடைக்கும். தன் காதையே நம்பாத பாடகியை எங்கே கொண்டுபோய் விடுவது?

ரிசப்ஷனில் அந்தக் கருத்தை முழுதாக எடுத்துத் தரச் சொன்னேன். மெர்லினையோ பாட்டையோ பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. பட்டத்தின் இழுப்பில் தண்ணீர்மேல் சறுக்குகிற கைட் சர்பிங் பழக்குகிற ரிஸ்வானிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். பக்கத்துக் களப்பில் பின்னேரத்திலும் அலை இல்லாமல் தண்ணீர் மட்டமாகக் கிடக்கிறதாம். பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாதாம். அதற்குத்தான் ஃப்ளாட். அது பாராட்டு.

ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார்.

“அப்ப அந்தப் புள்ளயக் கூப்பிடுங்க. வெள்ளக்காரங்களுக்கு ஃப்ளாட் புடிக்கிதெண்டா, கொஞ்சம் ஃப்ளாட்டாவே பாடச் சொல்லுங்க.”

4. சிலாபம்

ஃப்ளாட் என்றது களப்புத் தண்ணீரைத்தான் என்று சொல்லியும் மெர்லின் வர மறுத்தாள். ஹாஜியார் தன் வீட்டுக்கு வந்து, ஒரு பாட்டை முழுதாக, வாய் திறக்காமல் கேட்டால் யோசிப்பதாகச் சொல்லி அனுப்பினாள். அவர் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். போனார். நானும் கூடப் போனேன்.

பிளாஸ்டிக் கதிரையில் அவரை உட்காரவைத்து, கீபோர்ட் இல்லாமல், மைக் இல்லாமல் அவள் பாடினாள். முதல் வரியில் குரல் நடுங்கியது. மூன்றாவது வரியில் சுரம் தன் இடத்தில் போய் நின்றது, அது அவளுக்கே தெரிந்தது. ஹாஜியார் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். பாட்டு முடிந்தது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கு என்ன பேர் மாஸ்டர்?”

நான் பதில் தேடுவதற்குள் மெர்லின் சொன்னாள்: “பாட்டு எண்டு சொல்றது, ஹாஜியார்.”

அடுத்த வாரம் அவள் வேலைக்கு வந்தாள்.

இசையின் சொற்களைப் படியுங்கள், நல்லது. ஆனால் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டு முடிக்கும் வரை அவற்றை அடுத்தவர் மேல் எறியாதீர்கள். உங்களுக்கு அது புதுச் சொல். யார்மேல் படுகிறதோ அவருக்கு அது பறிபோகிற சோறு.