வலிக்குமே என்று வெட்டிய வால்முடி

செமோர் ஊருக்கு அப்பால், ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தின் ஓரத்தில்தான் எங்கள் மாட்டுக் கொட்டகை. நிலக்காரர் பாதி இடத்தைத் திரும்பக் கேட்டதும், இரண்டு கிடேரிகளில் ஒன்றை விற்றாக வேண்டியதாயிற்று. சிவப்பியா, கருப்பியா? என் கணவரைக் கேட்டால் கருப்பி இருக்கட்டும் என்பார். அவர் சட்டைப் பையைச் சப்பியே வளர்ந்தவள் அவள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அதனால் ஈப்போவிலிருந்து வரும் மாட்டு டாக்டரைக் கேட்டேன். வயதில் சின்னப் பெண், பேச்சில் கெட்டி.

"வால்முடி கொஞ்சம் போதும் அக்கா. மரபணுவைப் பார்த்து, எது நல்லா கறக்கும்னு இப்பவே சொல்லிரலாம். இனிமே எல்லாம் இப்படித்தான்லா."

இரண்டு உறைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். முடி எடுக்கும் வேலையை என் கணவரிடம் விட்டது என் புத்தி.

சில வாரம் கழித்து டாக்டர் திரும்பி வந்தாள். "அண்ணே, கத்தரிக்கோல்ல வெட்டிட்டீங்களா? வேரோட புடுங்கணும்னு சொன்னேனே. வேர் இல்லாம ஒண்ணும் பார்க்க முடியாது."

"வலிக்கும்லா டாக்டர்," என்றார் தரையைப் பார்த்தபடி.

மாட்டுக்கு ஊசி போட்டால் வெளியே போய் நிற்கிற மனிதர் அவர். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. நானே பிடுங்கிக் கொடுத்தேன். இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முடிவு வந்தது. சிவப்பி முதல் தரம். கருப்பிக்குப் பால் சொற்பம்தான் என்றிருந்தது. தெலுக் இந்தான் பால்பண்ணைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கருப்பி வேண்டாம் என்றார். அடுத்துக் கேட்டவர் கறிக்கடைக்காரர். அன்று சாயங்காலம் என் கணவர் கருப்பிக்குத் தவிடு வைத்துவிட்டு, அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பால்பண்ணைக்காரருக்கு நானே போன் போட்டு, சிவப்பியைக் கொண்டுபோகச் சொன்னேன்.

"நீதானே டெஸ்ட் எடுக்கணும்னு நின்ன?" என்றார் கணவர்.

"எடுத்ததுனாலதான் தெரிஞ்சிச்சு. சிவப்பி எங்க போனாலும் பொழைச்சுக்குவா. இவளை நம்மள விட்டா யாரு வச்சுக்குவாங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னொரு மாட்டைக்கூட விற்றிருப்பேன்.

இப்போது கருப்பி கன்று போட்டுவிட்டாள். டாக்டர் சொன்னது அப்படியே பலித்தது. கன்று குடித்தது போக, எங்கள் இரண்டு பேர் தேநீருக்குத்தான் பால் தேறுகிறது.